மற்ற இரண்டு பேர்

எக்சேஞ்சம்மாவுக்குப் பாம்புக்காது. இதை அவள் வீட்டுக்காரர் வசையாகச் சொல்வார், அக்கா பெருமையாகச் சொல்வாள், கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் பயத்தோடு சொல்வார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்சேஞ்சில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷ வேலை. எக்சேஞ்சம்மா என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷனும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவளுடைய வித்தை எண்களில் இல்லை. அழைக்கிறவர் "ஹலோ" சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சிலேயே, அவரைப் பிரசவ வார்டுக்கு இணைக்க வேண்டுமா, அவசரப் பிரிவுக்கா, பிணவறைக்கா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிணவறையைக் கேட்கிறவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்கள். "அது வந்து... நேத்து அட்மிட் ஆனாங்களே..." என்று இழுப்பார்கள். அவள் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் இணைத்துக் கொடுப்பாள். கேள்வி கேட்காததற்காகவே நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஒரு நாள் நிர்வாகம் ஒரு பெட்டியை வாங்கி வைத்தது. பிரசவத்துக்கு ஒன்றை அழுத்தவும், அவசரத்துக்கு இரண்டை அழுத்தவும் என்று அது பேச ஆரம்பித்தது. பிணவறைக்கு எண் தர யாருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்கிறவர்கள் ஒன்பதை அழுத்திவிட்டு இசை கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எக்சேஞ்சம்மாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, நாலு வார்த்தை புகழ்ந்து, வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று.

வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து செய்தி பார்க்க வேண்டும். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த நாட்களில் இரண்டு பெரிய நாடுகள் ஒரு கடல்வழிக்காக முறைத்துக்கொண்டிருந்தன. அவர் டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும் யோசனை சொல்வார். எந்த நாட்டிடம் எத்தனை நீர்மூழ்கி என்பதைக் கரைத்துக் குடித்தவர். பெண்டாட்டிக்கு எந்த முழங்காலில் வலி என்று கேட்டால் முழிப்பார். இந்த மனிதரோடு பகல் முழுக்க ஒரே கூரைக்குள் இருப்பதைவிட வேறெதுவும் மேல் என்றுதான் அவள் அந்தப் புது வேலைக்குப் போனாள்.

அது ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. நாற்பது மேஜை, நாற்பது ஹெட்போன், குளிர்பதனத்தில் விறைத்துப்போன நாற்பது முதுகு. வேலை இவ்வளவுதான்: காதில் ஏழெட்டு நொடிக்கு ஒரு குரல் வரும். யாருடையது, எங்கிருந்து, எதற்காகப் பேசியது, எதுவும் இருக்காது. பேசுவது நம் மொழி, அது ஒன்றுதான் தெரியும். திரையில் ஐந்து பட்டன்கள்: இயல்பு, பயம், கோபம், துக்கம், மறைப்பு. கேட்டு முடித்ததும் ஒன்றை அழுத்த வேண்டும். நாளைக்குத் தொள்ளாயிரம் குரல். இப்படி மனிதர்கள் அழுத்தி அழுத்தித்தான் மெஷின் குரலைப் புரிந்துகொள்ளக் கற்கிறது என்றார்கள். அது கற்று என்ன செய்யப்போகிறது என்று கேட்டதற்கு, "கஸ்டமர் சர்வீஸ்" என்றார்கள். முதல் நாளே, இங்கே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே குரலை மூன்று பேர் கேட்பார்கள். மற்ற இரண்டு பேர் யாரென்று தெரியாது. பக்கத்து மேஜையில் இருக்கலாம், கடல் தாண்டியும் இருக்கலாம். மூவரும் ஒன்றையே அழுத்தினால் பச்சை. இரண்டு பேர் ஒன்றை அழுத்தி ஒருவர் மட்டும் வேறொன்றை அழுத்தினால், அந்த ஒருவருக்குச் சிவப்பு. முதல் மாதம் பழக விடுவார்கள். அதற்கப்புறம் வாரக் கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூறு பச்சை இல்லாதவர் மேஜையைக் காலி செய்ய வேண்டும். மேற்பார்வையாளர் நாள் முழுக்க "பச்சை, பச்சை" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். அதனால் அவருக்குப் பச்சை சார் என்று பெயர்.

முதல் வாரம் எக்சேஞ்சம்மாவுக்கு வந்தது அறுபத்தொன்று. ஆஸ்பத்திரியையே காதால் கட்டி ஆண்டவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு குரலில் அவளுக்குப் பொறுமை போயிற்று. ஒரு பெண் பேசினாள். "ஆமாங்க" என்றாள். அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம், "என் பையன்தான். பெரியவன்" என்றாள். அந்த இடைவெளியை எக்சேஞ்சம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய், அவன் பேச்சை எடுக்கும்போது எச்சிலை விழுங்குகிற நேரம் அது. துக்கம் என்று அழுத்தினாள். சிவப்பு வந்தது. மற்ற இரண்டு பேரும் அழுத்தியிருந்தது மறைப்பு.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே பச்சை சாரிடம் போனாள்.

"சார், இந்தம்மா எதையும் மறைக்கல. இது எனக்குத் தெரிஞ்ச குரல்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா மேடம்?"

"ஆளைத் தெரியாது. குரலைத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கேட்ட குரல்."

பச்சை சார் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் மேடம். ஆனா எனக்குச் சரி வேண்டாம். ஒத்துப்போகணும். மூணு பேர்ல ரெண்டு பேர் சொல்றது எதுவோ, அதுதான் இங்க உண்மை."

"அந்த ரெண்டு பேரும் செவிடா இருந்தா?"

"அப்ப நீங்களும் கொஞ்சம் செவிடாகிக்கோங்களேன்" என்று சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பிழைக்கத் தெரிந்த மனிதர்.

எக்சேஞ்சம்மாவும் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். குரல் வந்ததும், இது என்ன என்று கேட்டுக்கொள்வதை விட்டாள். மற்ற இரண்டு பேர் இதை என்னவென்று நினைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டாள். இடைவெளி விட்டால் மறைப்பு. மூச்சை இழுத்தால் மறைப்பு. சொன்னதைத் திருத்திச் சொன்னால் மறைப்பு. அழுகையில் வார்த்தை தெளிவாக வந்தால் துக்கம், குழறினால் பயம். அந்த இரண்டு பேரும் அதே நேரத்தில் அவளைப் பற்றி அதே கணக்கைத்தான் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆக, மூன்று பேர் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேசியவரை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டு டிவியில் உலக நாடுகளின் சபை கூடி ஓட்டுப் போடுவதைக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவதை அவள் கவனித்தாள்.

"அங்கயும் பச்சைதான் தேடுறாங்க" என்றாள்.

"சும்மா இரு, முக்கியமான கட்டம்" என்றார் வீட்டுக்காரர்.

நான்காவது மாதம் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. அந்தக் கூடத்திலேயே முதல் இடம். பெயரைப் பலகையில் எழுதிப் படமும் ஒட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாம் அவளைக் குறை சொல்ல வேண்டாம். கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பப்பட்ட ஒருத்தியை மறுபடி ஒரு இடத்தில் கெட்டிக்காரி என்றால் அவள் தலைகால் புரியாமல்தான் நிற்பாள்.

அக்கா இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் டெய்லராக இருந்தாள். ஜன்னலோரம் தையல் மெஷின், அதை ஒட்டிக் கட்டில், அதற்கப்பால் அடுப்பு. நாற்பது வருஷமாக வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வேலை செய்தவள். யாராவது கேள்வி கேட்டால் உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்துவாள், மூச்சை இழுப்பாள், பிறகுதான் பேசுவாள். வாயில் ஊசி இல்லாதபோதும் அந்த அவகாசம் அவளுக்கு வேண்டும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடச் சொத்துத் தகராறைக் கேட்டதுபோல யோசித்துவிட்டுத்தான் "ம்" என்பாள்.

அக்காவின் வீட்டுக்காரர் எப்போதோ கம்பி நீட்டிவிட்டார். ஒரே மகள். எக்சேஞ்சம்மாவுக்குப் பிள்ளை கிடையாது, ஆகவே அந்தப் பெண் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. அவள் வெளிநாட்டில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். ஒரு நாள் இரும்புத் தட்டு சரிந்து அவள் முதுகில் விழுந்தது. முதுகுத்தண்டில் ஆபரேஷன், அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி என்று குறித்தார்கள். நடப்பாளா, மாட்டாளா என்பதை அதற்கப்புறம்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் படுக்கையில் திருப்பிப் போட, துடைத்துவிட, சொந்தக்காரர் யாராவது கூட இருந்தால் நல்லது என்றார்கள்.

"சித்தி, எப்படியாச்சும் அம்மாவை அனுப்பிடு" என்றாள் அந்தப் பெண் ஃபோனில். "இங்க என்னைத் தொட்டுத் தூக்குறவங்க பேசுற பாஷையே எனக்குப் புரியல. எங்க வலிக்குதுன்னு கேட்டா விரலால காட்டுறேன்."

அனுப்புவது லேசாக இல்லை. வீட்டுக்காரர் தினம் பார்த்துக்கொண்டிருந்த சண்டையில் மகள் இருந்த நாடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நம் நாடு மறுபக்கம் சாய்ந்ததாக அதற்குச் சந்தேகம். ஆகவே தூதரகத்தின் விசா ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். எங்கோ ஒரு கடலில் கப்பல்கள் முறைத்துக்கொண்டதற்கு இங்கே ஒரு தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மருத்துவக் காரணம் என்றால் மட்டும் ஒரு வழி இருந்தது. ஃபோனில் மெஷின் கேள்வி கேட்கும், குரலை எடைபோடும், அதுவே முடிவு சொல்லும். ஒரே வாய்ப்பு. தவறினால் ஒரு வருஷத்துக்கு வாயைத் திறக்க முடியாது.

விண்ணப்பத்தோடு ஒரு மாதிரிப் பதிவு வந்தது. அக்கா அதைப் போட்டுக் காட்டினாள். இனிமையான ஒரு பெண் குரல், "தங்கள் பயணத்தின் நோக்கம் என்ன?" என்று கேட்டது. எக்சேஞ்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஆபீசில் வருகிற துண்டுகளில் சில சமயம் முன்பக்கம் சரியாக வெட்டப்படாமல், இதே குரலின் வால் ஒட்டிக்கொண்டு வரும். "...க்கம் என்ன?" என்று கேட்கும், அதற்குப் பிறகு யாரோ மூச்சை இழுப்பார்கள்.

கஸ்டமர் சர்வீஸ் இல்லை. எல்லையில் நின்றவர்களின் குரலுக்குத்தான் அவள் ஒன்பது மாதமாகப் பட்டன் அழுத்தியிருக்கிறாள். இந்த இடத்தில் நல்ல மனசுக்காரி ஒருத்திக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எக்சேஞ்சம்மாவுக்கு யானை பலம் வந்தது.

"அக்கா, கவலைய விடு. இது என் கையில இருக்கு."

அக்கா யோசித்துவிட்டுக் கேட்டாள். "உன் கையிலயா?"

"அந்த மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறதே நான்தான். அது எதுக்கு மயங்கும், எதுக்கு முறைக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு வகுப்பு. பதினெட்டு நாள் நடந்தது. ஊசிப் பஞ்சைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள். செல்ஃபோனில் நொடியை ஓடவிட்டாள். கேள்விகளை அந்த இனிமையான குரலைப் போலவே கேட்டாள்.

"பயணத்தின் நோக்கம் என்ன?"

அக்கா மூச்சை இழுத்தாள்.

"போச்சு. மறைப்பு."

"நான் எதைடி மறைச்சேன்?"

"நீ மறைக்கல. ஆனா மறைக்கிறன்னு போடுவாங்க."

"யாரு?"

"மத்தவங்க. கேள்வி முடிஞ்ச ஒரு நொடிக்குள்ள வாயைத் திறந்துடணும். மூச்சை முன்னாடியே எடுத்து வச்சுக்கோ. மறுபடி."

மகளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியில்தான் வண்டி நின்றது. அக்காவால் இரண்டாவது வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. உதடு கோணும், முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பாள்.

"இருபது தடவை சொல்லு. அழுகை தேஞ்சிடும்" என்றாள் எக்சேஞ்சம்மா.

"என் மக விழுந்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரலன்னா நான் என்னடி அம்மா?"

"அங்க போய் அவ கட்டில் பக்கத்துல உக்காந்து எவ்வளவு வேணா அழு. யாரு வேணாங்கிறா? இங்க நான் சொல்றபடி பேசு."

இருபது தடவை இல்லை, நூறு தடவை சொல்ல வைத்தாள். பதினைந்தாம் நாள் அக்கா, "என் மகளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடக்க உள்ளது, உடனிருந்து கவனிக்கச் செல்கிறேன்" என்று தடங்கலே இல்லாமல் சொல்லி முடித்தாள். எக்சேஞ்சம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அந்தப் பெண் ஃபோன் செய்தாள். அக்கா யோசிக்காமல், ஒரே சீராக உடம்பைப் பற்றி விசாரித்தாள், மருந்து மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

மறுமுனையில் மகள் தயங்கினாள். "அம்மா, ஏன் ஒரு மாதிரி பேசுற? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

எக்சேஞ்சம்மா ஃபோனை வாங்கிச் சிரித்தாள். "உங்கம்மா பரீட்சைக்குப் படிக்கிறா, கண்டுக்காத" என்றாள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அதே மாதம்தான் ஆபீஸ் திரையில் ஆறாவதாக ஒரு பட்டன் வந்தது: ஒப்பித்தல். ஏற்ற இறக்கம் இல்லாமல், கேள்வி முடிந்த உடனே, அச்சடித்த மாதிரி வருகிற பதிலுக்கு அது. சுலபமான பட்டன். மூன்று பேரும் சட்டென்று ஒத்துப்போவார்கள், பச்சை மேல் பச்சை விழும். எக்சேஞ்சம்மா காலை ஏழரைக்கு அக்காவைத் தேற்றினாள், பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து ஒப்பித்தலை அழுத்தினாள். தான் பட்டனுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேறு யாரோ என்ற நினைப்பு அவளுக்கு. நாற்பது வருஷமாக நிறுத்தி நிறுத்தியே பேசிய அக்காவிடம் சரளம் ஒரு குற்றமாகும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? தோன்றவே இல்லை.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. எக்சேஞ்சம்மா லீவு போட்டுவிட்டு வெளியே மாடிப்படியில் நின்று கதவில் காதை வைத்தாள். பதினோரு கேள்வி, ஒன்பது நிமிஷம். அக்கா ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு நொடிக்குள் வந்தது. மகள் கேள்விக்கும் அப்படியே வந்தது. வெளியே நின்றவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"எப்படி?" என்றாள் அக்கா, கதவைத் திறந்ததும்.

"தூள் கிளப்பிட்ட. பெட்டியைக் கட்டு."

அக்கா பெட்டியைக் கட்டினாள். மகளுக்கு முன்பக்கம் திறக்கிற மாதிரி, படுத்தபடியே போட்டுக் கழற்றக்கூடிய ஆறு சட்டைகளை மெல்லிய துணியில் தைத்து அடுக்கினாள்.

நான்காம் நாள் ஃபோனில் முடிவு வந்தது. அக்கா கண்ணாடியைத் தேடியதால் எக்சேஞ்சம்மாதான் படித்தாள். "விண்ணப்பதாரரின் பதில்கள் முன்கூட்டியே ஒப்பிக்கப்பட்டவை. பிறர் பயிற்றுவித்திருக்கக்கூடும். அனுமதி மறுக்கப்படுகிறது. ஓராண்டுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்." ஒப்பிக்கப்பட்டவை என்ற வார்த்தைக்கு மேலே சத்தமாகப் படிக்க முடியவில்லை.

"என்ன போட்டிருக்கு? கிடைச்சிடுச்சா?"

"இல்லக்கா."

"நான் ஒரு தடவைகூடத் திக்கலையே. நீ சொன்னபடிதானே சொன்னேன்."

"நான் சொன்னபடி சொன்னதுதான் தப்பாப் போச்சு" என்றாள் எக்சேஞ்சம்மா. அக்காவுக்குப் புரியவில்லை. புரிய வைப்பதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டன், பச்சை, மற்ற இரண்டு பேர், ஆறாவது பட்டன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆபீசில் முதல் மணி நேரத்திலேயே பதினாறு ஒப்பித்தல் வந்தது. ஒவ்வொன்றிலும் அவளுக்கு வேறொன்றும் கேட்டது. இந்தக் குரலுக்குப் பின்னால் கதவுக்கு வெளியே நின்றது யார்? தம்பியா, மாமியாரா, பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையா? யாரோ ஒருவர் நொடியை எண்ணி, அழுகையைத் தேய்த்து, கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். பாசத்தோடு செய்திருப்பார். ஒரு மாதத்தில் அவள் அழுத்திய ஒப்பித்தல் நாலாயிரத்துக்கு மேல். அதைத் திரையே சொன்னது, பாராட்டாக.

பச்சை சாரிடம் போனாள். "சார், இது எல்லைக்குப் போற மெஷின்தானே?"

அவர் கதவைச் சாத்தினார். "எனக்கும் சொல்லல மேடம். நீங்களும் கேக்கல. சரியா?"

"எங்க அக்காவுக்கு மறுத்துட்டாங்க. அவ பொண்ணுக்கு ஆபரேஷன். யாராவது ஒரு மனுஷர்கிட்ட பேசணும். நம்பர் குடுங்க."

"மனுஷங்க இருந்தா நான் குடுக்க மாட்டேனா?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "இந்த வாரம் உங்க பச்சை குறையுது, பாத்துக்கோங்க" என்றார்.

மேல்முறையீடு என்று ஒரு பக்கம் இருந்தது. அவள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். அக்கா ஊசியை வாயில் கவ்வுகிற தொழிலைச் செய்தவள், அவள் இயல்பே நிதானம், அவளை வேகமாகப் பேசப் பழக்கியது நான், தவறு என்னுடையது என்று எழுதினாள். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், இந்த மெஷினுக்குக் குரல்களை வகைப்படுத்தும் இடத்தில் நான் வேலை செய்கிறேன், அங்கே உண்மையை யாரும் கேட்பதில்லை என்று ஒரு வரியும் எழுதினாள். பிறகு அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டாள். கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது, பலகையில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. நிதானமாகப் படித்தால் பத்து நிமிஷம் பிடிக்கிற கடிதம். பதில் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்த வரி இருந்தாலும் படிக்க ஆள் இல்லை என்று அப்புறம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எடுத்தபோது அது அவளுக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன் நடந்தது. சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அந்தப் பெண் தனக்குத் தானே போட்டுக்கொண்டு உள்ளே போனாளாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது காலில் உணர்வு இருக்கிறது. இடது காலில் இன்னும் வரவில்லை. கூட ஆள் இருந்து மணிக்கொரு தடவை காலை மடக்கி நீட்டிவிட்டால் வரலாம், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அங்கே ஒரு நர்ஸுக்குப் பதினெட்டுக் கட்டில்.

ஐந்து நாள் கழித்து அவளே பேசினாள். அக்கா ஃபோனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மயக்கம் தெளிஞ்சப்ப நம்ம பாஷையில யாரோ கூப்பிட்டாங்க சித்தி. அம்மாதான்னு நினைச்சு ரொம்ப நேரம் பேசிட்டேன். அப்புறம் பாத்தா கட்டில் பக்கத்துல ஒரு பெட்டி. இப்பல்லாம் ஒவ்வொரு கட்டிலுக்கும் வைக்கிறாங்களாம். அழுதா அதுக்குத் தெரியுது. பொறுமையா கேக்குது."

"கால் எப்படி இருக்கு கண்ணு?" என்றாள் எக்சேஞ்சம்மா.

"தெரியல சித்தி. பெட்டியால காலைப் பிடிச்சுவிட முடியாதே" என்று அவள் சிரித்தாள். பிறகு லைன் போய்விட்டது.

அக்கா ஃபோனைத் துணியால் துடைத்து வைத்தாள். பயணப் பெட்டியில் அடுக்கிய ஆறு சட்டைகளையும் அவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"அவ கட்டில் பக்கத்துப் பெட்டிக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இருக்கலாம்க்கா. எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு நான் பேசினது உன் காதுக்கு வந்திருந்தா, நீ எதை அழுத்தியிருப்ப?"

கதவுக்கு வெளியே நின்ற அன்று, மகளைப் பற்றிய பதிலின் முடிவில் அக்கா எச்சிலை விழுங்கியது எக்சேஞ்சம்மாவுக்குக் கேட்டிருந்தது. நல்ல வேளை, இது வேறு யாருக்கும் கேட்காது என்று அப்போது சந்தோஷப்பட்டிருந்தாள். துக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன கேட்டது என்று அக்கா கேட்கவில்லை. எதை அழுத்தியிருப்பாய் என்று கேட்டாள்.

"மத்த ரெண்டு பேரும் எதை அழுத்துவாங்களோ, அதை."

"என் குரல்னு தெரிஞ்சுமா?"

"குரலோட பேர் வராதுக்கா."

"என் குரலைக் கண்டுபிடிக்க உனக்குப் பேர் வேணுமா?"

எக்சேஞ்சம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். அக்கா வாசல்வரை கூட வந்தாள். எப்போதும் தங்கை தெருவில் இறங்கித் திரும்பும்வரை படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பாள். அன்று எக்சேஞ்சம்மா இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்துகிற சத்தமும், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் அவளுக்கு மிகத் தெளிவாகக் கேட்டன.